ஐந்து மோடு... ஒரே அப்பா!

'போர்ஷே 911' காரை ஒரே ஒரு நாள் வாடகைக்கு எடுக்க என்னென்ன வேண்டும் தெரியுமா? லைசென்ஸ், பாஸ்போர்ட், கிரெடிட் கார்டு, அந்த கார்டில் நெஞ்சை அடைக்கிற மாதிரி ஒரு டெபாசிட் தொகை... இதெல்லாம் வாடகைக் கம்பெனிக்காரர் கேட்டது. நானாகச் சேர்த்துக்கொண்டது ஒன்று உண்டு. என் அப்பா!

அப்பா சாதாரண ஆள் இல்லை. பொள்ளாச்சி - வால்பாறை ரூட்டில் அரசு பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர். ஆழியாறிலிருந்து மேலே ஏறினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஏறினால் நாற்பது, இறங்கினால் நாற்பது. இருபத்தேழு வருஷம் அதைச் சுற்றியவருக்கு இந்த உலகத்தில் எந்த ரோடும் ரோடே அல்ல.

ஆபீஸ் என்னை ஒரு வருஷத்துக்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்கு அனுப்பியிருந்தது. செப்டம்பரில் அப்பாவும் அம்மாவும் பார்க்க வந்தார்கள். போர்ஷே பிறந்து வளரும் ஊர் அது. வந்த நாலாம் நாள் அப்பாவை அந்தக் கம்பெனியின் மியூசியத்துக்கு அழைத்துப் போனேன். எல்லாக் காரையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இதையெல்லாம் ஓட்ட உடுவாங்களா, இல்ல சும்மா தொடச்சுத் தொடச்சு வெச்சுக்குவாங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் என்னைக் கிளப்பிவிட்டது. இரண்டு மாத மிச்சத்தை ஒரே நாளில் காலி செய்யத் துணிந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கார் ஆசை பாதிதான். மீதி, அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க நான் ஓட்டிக் காட்ட வேண்டும் என்கிற ஆசை. ஏனென்றால் அப்பா எனக்கு டிரைவிங் சொல்லித் தந்ததே கிடையாது. கேட்டால், "நீ ஸ்டியரிங் புடிக்கக் கூடாதுன்னுதான் நான் புடிச்சுட்டு இருக்கறேன்" என்பார். நான் கற்றுக்கொண்டது டிரைவிங் ஸ்கூலில், அவருக்குத் தெரியாமல்!

திருகு ஒன்று, குணம் ஐந்து

நாங்கள் எடுத்தது 911 கரேரா எஸ். 2018 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் ஷோவில் அறிமுகமான எட்டாவது தலைமுறை மாடல். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ. 450 குதிரைசக்தி. எட்டு கியர், ஆட்டோமேட்டிக். இன்ஜின் முன்னால் இல்லை, பின்னால் இருக்கிறது. "அட, நம்ம ஆட்டோ மாதிரி!" என்றார் அப்பா. வாடகைக் கம்பெனி ஊழியருக்குத் தமிழ் தெரியாதது என் அதிர்ஷ்டம்.

ஸ்டியரிங்கில் வலது கை ஓரமாக வட்டமாக ஒரு திருகு. அதைத் திருப்பினால் காரின் குணம் மாறும். நார்மல், ஸ்போர்ட், ஸ்போர்ட் பிளஸ், இண்டிவிஜுவல், வெட்... மொத்தம் ஐந்து மோடு. திருகின் நடுவில் ஒரு பட்டன். அது தனிக் கதை, பிறகு வருகிறேன்.

ஐந்தையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்து எது எப்படி என்று ஒப்பிடுவது என் திட்டம். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஏ-81 நெடுஞ்சாலையில் தெற்கே போய், ஹோர்ப் பக்கம் திரும்பி, ஃப்ராய்டன்ஷ்டாட் ஊரில் சாப்பாடு. அங்கிருந்து கறுப்புக் காட்டு மலைச்சாலை பி-500 வழியாக பாடன்-பாடன். அப்புறம் வீடு. அப்பாவுக்குத் திட்டம் வேறு. சீட்டில் உட்கார்ந்ததுமே கையில் ஜெபமாலை மாதிரி சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார்.

நார்மல்: மாப்பிள்ளை முறுக்கில்லாத கார்

காலை ஸ்டுட்கார்ட் டிராஃபிக்கில் நார்மல் மோடு. ஏமாற்றமாக இருந்தது என்றால் நம்புவீர்களா? பவ்யமான கார். ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதித்தால் மெல்ல நகர்கிறது. கியர்கள் சீக்கிரம் சீக்கிரமாக மேலே ஏறிவிடுகின்றன. சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணைகிறது. சமதளத்தில் காலை எடுத்தால், இன்ஜினைச் சக்கரத்திலிருந்து பிரித்துவிட்டு வண்டி சும்மா உருள்கிறது. பெட்ரோல் மிச்சம்.

அது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "நியூட்ரல்ல உருட்டறதா? எங்க டிப்போவுல இதைப் பண்ணுனா மெமோ குடுப்பாங்க!"

"இது சமமான ரோட்டுல மட்டும்ங்ப்பா. பிரேக்கைத் தொட்டா உடனே கியர் சேர்ந்துக்கும்."

"ம்..." என்றார். அந்த 'ம்'முக்கு ஆயிரம் அர்த்தம்.

ஸ்போர்ட்: குதிரை கூடவில்லை, கடிவாளம் மாறுகிறது

நெடுஞ்சாலையில் ஏறியதும் ஸ்போர்ட்டுக்குத் திருகினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. கியர் இறங்கியது, இன்ஜின் முள் ஏறியது, பின்னாலிருந்து ஓர் உறுமல். தூங்கிக்கொண்டிருந்த ஹெட் கிளார்க்கை மேனேஜர் கூப்பிட்ட மாதிரி கார் விறைத்துக்கொண்டது!

அப்பா உடனே கேட்டார். "இதைத் திருகினா இன்ஜின் பெலம் கூடுதா?"

பாருங்கள், இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். காசு கொடுத்து வாங்குகிறவர்களே பலர் கேட்பதில்லை. பதில்: இந்தக் காரில் கூடவில்லை. எல்லா மோடிலும் அதே 450 குதிரைதான். ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தால் நார்மலும் எல்லாவற்றையும் தரும்.

அப்படியானால் எது மாறுகிறது? அப்பாவின் பஸ்ஸில் ஆக்ஸிலேட்டர் பெடலுக்கும் இன்ஜின் பம்ப்புக்கும் நடுவே கம்பித் தொடர்பு இருந்தது. கால் எவ்வளவு அமுக்கியதோ அவ்வளவுதான். இன்றைய காரில் கம்பி கிடையாது. பெடல் ஒரு சென்சாருக்குச் சேதி சொல்கிறது. சென்சார் கம்ப்யூட்டரிடம் சொல்கிறது. இன்ஜினுக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல் என்று கம்ப்யூட்டர்தான் முடிவு செய்கிறது. நார்மலில், கால்வாசி மிதித்தால் அது கால்வாசிக்கும் குறைவாகவே கேட்டதாக எடுத்துக்கொள்ளும். ஸ்போர்ட்டில் அதே கால்வாசியை அரைவாசி என்று எடுத்துக்கொள்ளும்! கியரைச் சீக்கிரம் மாற்றாது. ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் ஓடும் வழியை மின்சார வால்வு இறுக்கிவிடும். அதனால் வண்டி விறைப்பாக நிற்கும். சிக்னலில் அணைவதும் சும்மா உருள்வதும் 'கட்'.

"அப்ப, என்ற காலு பண்ணுன வேலையைத்தான் பெட்டி பண்ணுது" என்று அப்பா முடித்தார். ஆட்டோமொபைல் இன்ஜினீயரிங்கை இதைவிடச் சுருக்க முடியாது.

ஸ்போர்ட் பிளஸ்: சனி பகவான் பக்கத்து வீட்டில்

ஏ-81-இல் வேக வரம்பே இல்லாத பகுதிகள் உண்டு. ஜெர்மனியின் 'ஆட்டோபான்'களில் பொதுவான உச்ச வரம்பு கிடையாது. 130 கிலோமீட்டர் என்பது சிபாரிசு மட்டுமே. முன்னால் காலியாக இருந்தது. வானம் கொஞ்சம் மூட்டம், ரோடு காய்ந்திருந்தது. ஸ்போர்ட் பிளஸ்.

இந்த மோடில் ஆக்ஸிலேட்டர் மீது உங்கள் பெருவிரல் யோசித்தாலே வண்டி பாய்கிறது. கியர் மாறும்போது முதுகில் ஒரு தட்டு. காலை எடுத்தால் கியர் மேலே போகாமல் கீழேயே காத்திருக்கிறது, 'அடுத்து என்ன அண்ணே?' என்று. நின்ற இடத்திலிருந்து சீறிப் புறப்படும் 'லாஞ்ச் கன்ட்ரோல்' இங்கேதான். கம்பெனி கணக்குப்படி நூறு கிலோமீட்டரைத் தொட 3.5 விநாடி, உச்சம் 308 கிலோமீட்டர். இரண்டையும் நான் சோதிக்கவில்லை. எனக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. அதில் ஒருத்தர் பக்கத்து சீட்டிலேயே இருக்கிறார்.

இருநூறைத் தொட்டேன். அப்பா ரோட்டைப் பார்க்கவில்லை. என் கண்ணைப் பார்த்தார். "கண்ணாடியைப் பாரு சாமி, பொறத்தால வர்றவன் உன்னைவிட வேகமா வர்றான்" என்றார். பார்த்தேன். ஒரு டீசல் ஸ்டேஷன் வேகன், கூரையில் சைக்கிள் கட்டிக்கொண்டு வந்தது. வழி விட்டேன். மானம் போயிற்று.

அந்தத் திருகின் நடுப் பட்டனையும் அப்போது அமுக்கிப் பார்த்தேன். 'ஸ்போர்ட் ரெஸ்பான்ஸ்' என்று பெயர். எந்த மோடில் இருந்தாலும் இருபதே விநாடிகளுக்கு இன்ஜினும் கியரும் உச்சபட்ச உஷாருக்கு வந்துவிடும். மீட்டரில் இருபது, பத்தொன்பது, பதினெட்டு என்று இறங்கிக்கொண்டே வருகிறது. லாரியை ஓவர்டேக் செய்ய உதவும். மாசக் கடைசியில் சம்பளத்துக்கும் இப்படி ஒரு பட்டன் இருந்தால் தேவலை!

சாப்பாட்டு மேஜையில் மற்ற கம்பெனிகள்

ஃப்ராய்டன்ஷ்டாட்டின் சந்தைச் சதுக்கம் ஜெர்மனியிலேயே பெரிது என்று ஊர்க்காரர்கள் பெருமைப்படுகிறார்கள். "நம்ம பொள்ளாச்சி சந்தையில பாதி வருமா?" என்றார் அப்பா. அங்கே உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டே அவருக்கு ஊர்க்கதை சொன்னேன்.

இந்த மோடு சமாசாரம் புதுசு அல்ல. 1980-களில் போர்ஷே செய்த 959 என்ற காரிலேயே காய்ந்த ரோடு, ஈர ரோடு, பனி என்று தேர்ந்தெடுக்க ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு குச்சி இருந்தது. 2004-இல் ஃபெராரி தன் எஃப்-430 காரின் ஸ்டியரிங்கிலேயே ஒரு சின்னத் திருகு வைத்தது. 'மானெட்டினோ' என்று பெயர். ரேஸ் கார் ஸ்டியரிங்கைப் பார்த்து வைத்தது. லம்போர்கினி ஹுராக்கான் காரில் மூன்று மோடு: ஸ்ட்ராடா, ஸ்போர்ட், கோர்ஸா. மாற்றுகிற பட்டனுக்கு 'அனிமா' என்று பெயர். இத்தாலிய மொழியில் ஆன்மா!

அமெரிக்காவின் டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட் காரில் நேரடி வைத்தியம். இரண்டு சாவி. கறுப்புச் சாவி போட்டால் 500 குதிரை, சிவப்புச் சாவி போட்டால் 707. அங்கே பெலமே மாறுகிறது. "கறுப்புச் சாவி பையனுக்கு, செவப்புச் சாவி அப்பனுக்கு!" என்றார் அப்பா.

2011-இல் வந்த பி.எம்.டபிள்யூ எம்-5 காரில் இன்ஜின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாகவும் கேட்க வைத்தார்கள். பின்னணிக் குரல்! 2023-இல் வந்த ஹூண்டாய் அயானிக் 5 என் இன்னும் ஒரு படி மேலே. அது பேட்டரி கார். கியர் மாற்ற ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு மோடில் கியர் மாறுவது மாதிரி உலுக்கும், பெட்ரோல் இன்ஜின் மாதிரி சத்தமும் போடும்.

"இல்லாத கியரை மாத்தறானா?" அப்பா வெகுநேரம் சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்தபோது முதல் தூறல் விழுந்தது.

வெட்: நான் திருகாத மோடு

பி-500 அழகான மலைச்சாலை. இருபுறமும் கரும்பச்சை மரங்கள். வளைந்து வளைந்து போகிறது. அப்பா முகத்தில் முதல்முறையாக வெளிச்சம். வால்பாறை ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

எனக்கு வந்தது கர்வம். இவர் இருபத்தேழு வருஷம் ஓட்டிய மாதிரி ரோட்டில் நான் ஓட்டிக் காட்டுகிறேன் பார் என்று, ஸ்போர்ட் பிளஸ்ஸிலேயே போனேன். மழை வலுத்தது.

இந்தக் காரில் ஒரு விசேஷம். முன்சக்கர அறைக்குள் ஒலி உணரும் சென்சார் இருக்கிறது. டயர் வாரி அடிக்கும் தண்ணீரின் சத்தத்தைக் கேட்டு ரோடு ஈரமாக இருப்பதைக் கண்டுபிடித்துவிடும். கட்டுப்பாட்டுக் கருவிகளை முன்கூட்டியே உஷார்படுத்தும். டிரைவருக்கு மீட்டரில் அறிவிப்பு கொடுக்கும். ஆனால் வெட் மோடுக்குத் தானாகப் போகாது. நாம்தான் திருக வேண்டும்.

அறிவிப்பு வந்தது.

"என்னமோ எழுதிக் காட்டுதே, என்ன சொல்லுது?"

"ஒண்ணும் இல்லீங்ப்பா."

அடுத்த வளைவு இடப்பக்கம், நினைத்ததைவிடக் குறுகலாக இருந்தது. பாதி வளைவில் பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சடக்கென்று எடுத்தேன். அவ்வளவுதான். பின்பக்கம் வலப்புறமாக நழுவியது. ஜன்னலுக்கு நேரே மரங்கள் தெரிந்தன. அடிவயிற்றில் ஐஸ்.

என்ன நடந்தது என்று பிறகு யோசித்தபோதுதான் புரிந்தது. இந்தக் காரில் பாதிக்கு மேற்பட்ட எடை பின்சக்கரத்தில். காலை எடுத்தால் எடை முன்னால் சாயும். பின்டயரின் பிடி குறையும். ஸ்போர்ட் பிளஸ்ஸோ கியரைக் கீழேயே வைத்திருந்தது. காலை எடுத்ததும் இன்ஜின் பின்சக்கரங்களைப் பிடித்து இழுத்தது. காய்ந்த ரோட்டில் எது சாமர்த்தியமோ, அதுவே ஈர ரோட்டில் எமன். பின்டயரின் அகலம் 305 மில்லிமீட்டர். இருந்தும் என்ன? ரோட்டைத் தொடுவது டயரின் ஒரு துண்டு மட்டும். எந்த மோடும் அந்தத் துண்டைப் பெரிதாக்காது.

எங்களைக் காப்பாற்றியது வழுக்கல் தடுப்பு. 1995-இல் மெர்சிடிஸ் காரில் முதலில் விற்பனைக்கு வந்த 'ஈ.எஸ்.சி.' வகை அமைப்பு. ஸ்டியரிங் எந்தப் பக்கம், வண்டி எந்தப் பக்கம் என்று ஒப்பிட்டுப் பார்த்து, தேவையான ஒரு சக்கரத்தில் மட்டும் தானாக பிரேக் போடும். ஒரு சொடுக்கு. கார் நேராகிவிட்டது. ஹெல்மெட் போட்ட வீரர்கள் ரேஸ் டிராக்கில் அதை அணைத்துவிட்டு ஓட்டுவார்கள். நான் அணைத்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

அப்பா கத்தவில்லை. கையை நீட்டி ஸ்டியரிங்கைத் தொடவும் இல்லை. "ஓரமா எடம் கெடச்சா நிறுத்திக்க கண்ணு" என்றார், பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற குரலில்.

முதலில் திருகை 'வெட்'டுக்குத் திருப்பினேன். உடனே வித்தியாசம். பெடல் மந்தமாயிற்று. கியர்கள் பூப்போல மாறின. வழுக்கல் தடுப்பு முன்னதாகவே தலையிடும். அதைத் தளர்த்தவும் இந்த மோடில் அனுமதி இல்லை. வேகம் தொண்ணூறைத் தாண்டினால், பின் இறக்கை எழுந்து வாலை அமுக்கிப் பிடிக்குமாம். எனக்குத் தொண்ணூறு தேவைப்படவில்லை. ஐம்பதில் போனேன்.

மும்மல்ஸே ஏரிக்கரையில்

கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே மும்மல்ஸே என்று ஒரு கறுத்த ஏரி. அங்கே நிறுத்தினேன். கை நடுங்கியது. எனக்குக் காபியும் அப்பாவுக்கு ஊர்ப் புகழ் கறுப்புக் காட்டுக் கேக்கும் வாங்கினேன். ஒரு வாய் போட்டவர் நிமிர்ந்தார். "டேய், இதுல சாராயம் இருக்குது!" உண்மைதான், செர்ரிப் பழச் சாராயம் அந்தக் கேக்கின் இலக்கணம். "ஓட்டறவன் நீ சாப்பிடாதே" என்று என் பங்கையும் அவரே முடித்தார்.

அப்புறம் அவராகவே பேசினார். "ஒரு தடவை, மழை நாளு. ஒன்பதாவது வளைவு. இறங்கிட்டு இருக்கறேன். அம்பது பேரு உள்ளார. ஏறுன கியர்லயே இறங்கோணும்கிறது சட்டம். அன்னிக்கு ஒரு கியர் மேல போட்டுட்டேன். அவசரம். பொறத்தால சக்கரம் அப்படியே நழுவிருச்சு. தடுப்புச் சுவருக்கு ஒரு சாணுல நின்னுச்சு. யாருக்கும் தெரியாது. கண்டக்டருக்கு மட்டும் தெரியும்."

"என்ன அவசரங்ப்பா?"

"உனக்குக் காய்ச்சல்னு டிப்போவுக்கு போன் வந்துச்சு."

நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு உனக்காக நான் அவசரப்பட்டேன். இன்னிக்கு எனக்குக் காட்டோணும்னு நீ அவசரப்பட்டே. ரோட்டுக்கு அது ரெண்டும் தெரியாது கண்ணு. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் தண்ணியும் டயரும்தான்."

அதற்கப்புறம்தான் அப்பா எனக்கு முதல் டிரைவிங் பாடம் எடுத்தார். காபி டம்ளரை மேஜையில் வைத்து, "வளைவுக்கு முந்தியே வேகத்தைக் குறை. வளைவுக்குள்ளார போனதுக்கப்பறம் காலை வெடுக்குனு எடுக்காதே, வெடுக்குனு மிதிக்காதே" என்று நகர்த்திக் காட்டினார். முப்பத்தாறு வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகு!

வாடகை ஒப்பந்தப்படி வேறு யாரும் ஓட்டக் கூடாது. ஆனால் உட்காரலாமே? இன்ஜினை அணைத்துவிட்டு, டிரைவர் சீட்டில் அப்பாவை உட்கார வைத்தேன். ஸ்டியரிங்கைப் பத்து மணி பத்து நிமிஷம் என்கிற கடிகார முள் கணக்கில் பிடித்தார். ஆக்ஸிலேட்டரை ஒரு தரம் அமுக்கிப் பார்த்தார். "ரொம்ப இளசா இருக்குது" என்றார். ரிடையர் ஆன பிறகு அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இண்டிவிஜுவல்: கடைசியில் ஒரு கலவை சாதம்

ஐந்தாவது மோடு பாக்கி. இதில் நமக்கு வேண்டியதை நாமே கலந்துகொள்ளலாம். இன்ஜின் ஸ்போர்ட்டாக, ஷாக் அப்சார்பர் மிருதுவாக, இப்படி. பாடன்-பாடனுக்கு இறங்கும்போது மழை நின்று ரோடு காய்ந்திருந்தது. அந்தக் கலவையைத்தான் போட்டேன். மேடு பள்ளத்தில் உதறாமல், வளைவில் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்தது. அன்று முழுவதிலும் நான் ஒழுங்காக ஓட்டியது அந்த ஒரு மணி நேரம்தான். அதில் காரின் பங்கு பாதி, டம்ளர் பாடத்தின் பங்கு பாதி.

சரி, ஒப்பிட்டு என்ன தீர்ப்பு? ஊருக்குள் நார்மல் போதும். நல்ல ரோட்டில் உற்சாகத்துக்கு ஸ்போர்ட். ஸ்போர்ட் பிளஸ் ரேஸ் டிராக்குக்கு, அங்கேயும் காய்ந்திருந்தால். தினசரிக்கு இண்டிவிஜுவல். மழை என்றால் மறுபேச்சில்லாமல் வெட். மோடு மாறும்போது மாறுவது காரின் சுபாவம் மட்டும். ரோடும் டயரும் மாறுவதில்லை. காசு கொடுக்காமலே இந்த ஐந்தையும் ஒரே வலது காலில் வைத்துக்கொண்டு ஓய்வு பெற்ற மனிதர்கள் நம் ஊர் டிப்போக்களில் எத்தனை பேரோ!

இரவு காரை ஒப்படைத்தோம். ஊழியர் டார்ச் அடித்து ஒரு கீறல்கூட இல்லை என்று பார்த்துவிட்டு டெபாசிட்டை விடுவித்தார். வெளியே வந்ததும் அப்பா கேட்டார்.

"ஏங்கண்ணு, இத்தனை மோடு வெச்சானே... 'ஊட்டுல சனம் காத்துட்டு இருக்குது'ன்னு ஒரு மோடு வெச்சிருக்கலாமுல்ல?"

நான் பதில் சொல்லும் முன் என் செல்போன் அடித்தது. அம்மா!

"மணி எத்தனை தெரியுமா? ரசம் ஆறிப்போச்சு. எங்க இருக்கறீங்க ரெண்டு பேரும்?"

அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். "அந்த மோடு ஆன் ஆயிருச்சு. நட, நட!"